ஏழாம் எண் மஞ்சள்

எங்கள் ஊர் வெப்ப ஆலையின் உலைக்குக் கண் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் முழுக்க நடந்த கூத்தில் இந்தச் சின்ன விஷயத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வைக்கோலைப் போட்டால் எரியும். தண்ணீர் சூடாகும். அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய்வழியே ஓடி, முந்நூற்றுப் பதினொரு வீடுகளுக்குச் சூடேற்றிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். பத்தொன்பது வருடமாகக் கிரேனும் உலையும் என் பொறுப்பு. அது நிறம் பார்த்து எரித்து நான் கண்டதில்லை.

ஆலை எங்கள் எல்லாருக்கும் சொந்தம். குளிரில் யாருக்கெல்லாம் சூடு போகிறதோ அவர்களெல்லாம் உறுப்பினர். மே மாதம் ஊர் மன்றத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். முதலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எல்லாரும் சேர்ந்து பாடுவோம், பிறகு தீர்மானங்கள், பிறகு கேக்கும் காப்பியும். எங்கள் லோலன்ட் தீவில் பாட்டும் காப்பியும் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது. தலைவரையும் நாங்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதனால் அதிகாரம் குறைந்துவிட்டது என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

அந்த மே மாதம் தலைவரானவர் யல்மார். முப்பத்தெட்டு வருடம் பெயின்ட் கடை வைத்திருந்தவர். கடையை மூடியபோது மீதம் இருந்த ஒரே சரக்கு நிற அட்டைகள். அதில் கடைசி அட்டையை அன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடையேறினார்.

"போன மாசம் பக்கத்து ஊர் ஆலைக்காரங்க நம்ம ஆலையப் பார்க்க வந்தாங்க," என்று ஆரம்பித்தார். "வாசல்ல ஒரு லாரி. அதுல சாம்பல் கலர்ல வைக்கோல்! நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? நான் தலைவராகப் போற ஆலையில, எலி கலர்ல வைக்கோலா?"

பின்வரிசையில் யாரோ, "அது நல்லா எரியுதில்ல?" என்றார்.

"எரியறத உலை பார்த்துக்கும். நாம பார்க்க வேண்டியது தரம்."

எல்லாரும் தலையாட்டினோம். தரம் என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஊரில் எவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

தீர்மானம் இதுதான். ஆலைக்கு வரும் வைக்கோல், அட்டையில் உள்ள ஏழாம் எண் மஞ்சளோடு ஒத்துப்போக வேண்டும். பொருந்தவில்லை என்றால் லாரி திரும்பிப் போக வேண்டும். ஒரு குளிர்காலத்தில் மூன்று முறை திரும்பிப் போனவரின், ஆலைக்கு வைக்கோல் விற்பதற்கான விநியோக எண் ரத்தாகி, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பொருத்தம் பார்ப்பதில் அட்டை சொல்வதே முடிவு. மனிதர் கண்ணுக்கு இதில் வேலை இல்லை, தலைவர் கண்ணுக்கும்தான். "நாளைக்கே எனக்குக் கண்ணுல புரை விழலாம். அட்டைக்கு விழுமா?" என்று யல்மார் கேட்டபோது கைதட்டல் எழுந்தது. அந்த ஒரே அட்டையை ஆலையிலேயே ஈரம் அண்டாத இடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

பக்கத்து அறையிலிருந்து கேக் வாசனை வந்துகொண்டிருந்தது. எல்லாரும் கை தூக்கினோம். நான் தூக்கினேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவால்டும் தூக்கினான். மே மாதத்தில் அவன் கோதுமை பச்சையாக நின்றது. வைக்கோலின் நிறத்தைப் பற்றி அவனுக்கு அப்போது என்ன கவலை?

எவால்ட் எங்கள் ஊரில் கடைசித் தெருவைத் தாண்டிப் பண்ணை வைத்திருக்கிறவன். ஒரு விஷயத்தை இரண்டு தரம் கேட்டுத்தான் நம்புவான். நம்பிய பிறகு கேள்வியே கேட்க மாட்டான். அவன் பெண்டாட்டி தோரா நேர்மாறு. எதையும் நம்பவே மாட்டாள்.

ஆகஸ்டில் அறுவடை முடிந்து வைக்கோல் வரிசை வரிசையாக வயலில் கிடந்தபோது மழை பிடித்தது. மூன்று வாரம். எவால்டின் நிலத்தில்தான் கடைசியாக அறுப்பு நடந்தது, அதனால் முழு மழையும் அவன் தலையில்தான். செப்டம்பரில் காற்று திரும்பியது. அவன் வைக்கோலைப் புரட்டிப் போட்டான், காயவைத்தான், மறுபடி புரட்டினான். கட்டு கட்டும்போது அது முறுக்கு மாதிரி நொறுங்கியது. நானூறு கட்டு, ஒவ்வொன்றும் அரை டன். நிறம் மட்டும் அசல் சாம்பல்.

உலை வேலை தெரிந்தவனைக் கேட்டால் சொல்வான், அதைவிட நல்ல எரிபொருள் கிடையாது என்று. மழை படாத மஞ்சள் வைக்கோலில் உப்பு அப்படியே தங்கியிருக்கும். எரியும்போது அது உருகிக் கண்ணாடிக் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், குழாய்களை அரிக்கும். நான் கடப்பாரையால் இடித்து எடுக்க வேண்டும். மழையில் கழுவின வைக்கோல் அமைதியாக எரிந்து சாம்பலாகும். என் முதுகுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அக்டோபரில் எவால்டின் முதல் லாரி வந்தது. இருபத்துநாலு கட்டு. கிரேன் தூக்கும்போதே ஈரத்தை அளந்து சொல்லும். பதினெட்டு சதவீதம் வரை வாங்குவோம்.

"பதினொண்ணு!" என்று மேலேயிருந்து கத்தினேன். "எவால்ட், இந்த வருஷம் இதுதான்டா முதல் பரிசு!"

அவன் சிரித்தான். அந்தக் குளிர்காலத்தில் அதுதான் அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு. ஆலையின் செயலாளர் மெட்டே, உறையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். மெட்டே நல்லவள். எழுதிவைத்ததை அப்படியே செய்பவள். சிக்கலே அதுதான். அட்டையைக் கட்டின்மேல் வைத்தாள், குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"எவால்ட், இது பொருந்தல."

"எது?"

"நிறம்."

"நிறமா?"

"நிறம்தான். நீயும்தான கை தூக்கின?"

"தூக்கினேன்," என்று ஒப்புக்கொண்டான் எவால்ட். "ஆனா அது மழைக்கு முன்னாடி."

படிவத்தில் 'நிறப் பிறழ்வு, முதல் முறை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். லாரி திரும்பியது. அட்டையை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டாள். விதிப்படி ஈரம் அண்டாத இடத்தில் வைக்க வேண்டுமே. ஆலையில் அப்படிப்பட்ட இடம் எது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? உலைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டினேன். விதியை மீறினேன் என்று என்னை ஒருவரும் சொல்ல முடியாது.

எவால்ட் மேல்முறையீடு எழுதினான். நிறக் குழு என்று ஒன்றை அதற்காகவே அமைத்தார்கள். நவம்பரில் குழு கூடியது. பாட்டு முடிந்தது. முந்தைய கூட்டத்தின் பிஸ்கட் ஏன் நமுத்துப்போயிருந்தது என்பதில் நாற்பது நிமிடம் போனது. பிறகு எவால்டைக் கூப்பிட்டார்கள். அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு பிடி வைக்கோலை மேசைமேல் வைத்தான்.

"மழை பெஞ்சது, யல்மார்."

"பெய்யறதுக்கு நாங்க அனுமதி குடுக்கலயே," என்றார் யல்மார். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

"இதுல உப்பு கழுவிப் போயிடுச்சு. உலைக்கு இதான் நல்லது. நம்பலைன்னா லவுஸ்டக் கேளுங்க."

லவுஸ்ட் என்பது நான்தான். பேச வாயெடுத்தேன். யல்மார் கையை உயர்த்தினார்.

"தப்பா நினைக்காத, லவுஸ்ட். தரத்தப் பத்தி வேலை செய்யறவங்க பேசக் கூடாது. தினம் வைக்கோலத் தொடறவங்களுக்கு வைக்கோல் மேல ஒரு பாரபட்சம் வந்துடும். எனக்கு அப்படி இல்ல. நான் வாழ்நாள்ல ஒரு கட்ட தொட்டதில்ல. அதனாலதான் என்னால நியாயமா இருக்க முடியுது."

குழுவில் இருந்தவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

"என்கிட்ட நானூறு கட்டு இருக்கு," என்றான் எவால்ட். "இந்தத் தீவுல இதை வாங்க வேற ஆளில்ல. என் விநியோக எண்ண ரத்து பண்ணிட்டா நான் நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு மீன் ஆலைக்கு வேலைக்குப் போகணும்."

"அதெல்லாம் உணர்ச்சி. நாங்க நிறத்தப் பேசறோம்." யல்மார் வைக்கோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. பெயின்ட் கடையில ஒரு பாடம் கத்துக்கிட்டேன். எந்த நிறத்தையும் நடுப்பகல்ல, வடக்கு வெளிச்சத்துலதான் பார்க்கணும். மெட்டே பார்த்தது காலை ஒன்பது மணி. அதனால இவனுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு தரலாம். ஆனா முதல் நிராகரிப்பு நிராகரிப்புதான். அதைத் திருப்பி எடுத்தா மெட்டேக்கு மனசு கஷ்டப்படும்."

அன்று முதல் லாரிகள் வெளிச்சத்துக்காகக் காத்திருந்தன. டிசம்பரில் எங்கள் தீவில் நடுப்பகல் என்பது ஒரு வதந்தி. மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதுவரையிலும் கடல்மூட்டம் விலகாது. ஆலை வாசலில் ஏழெட்டு வண்டிகள் நிற்கும், ஓட்டிவந்தவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் கிரகணம் பார்க்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

எவால்டின் இரண்டாவது லாரி அப்படித்தான் நின்றது. நிறம் தெரிய வேண்டும் என்பதால் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும் என்பது புது விதி. நாலு மணி நேரம் மூட்டத்தில் திறந்து கிடந்தது வைக்கோல். கடைசியில் வெளிச்சம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கிரேனை இறக்கித் தூக்கினேன். இருபத்துமூன்று. என்னாலேயே நம்ப முடியவில்லை, மறுபடி அளந்தேன். இருபத்துமூன்றரை.

"ஈரம் ஜாஸ்தி," என்றாள் மெட்டே.

"வரும்போது பதினொண்ணு, மெட்டே! இங்க நின்னதாலதான்!"

"அதை நான் எழுதறேன், எவால்ட். நிச்சயம் எழுதறேன்." எழுதினாள். 'ஆலை வாசலில் ஈரமானது. இரண்டாம் முறை நிராகரிக்கப்பட்டது.' பிறகு அவன் தோளைத் தட்டினாள். "நிறத்தப் பார்க்கவே வேண்டியில்லாம போச்சு பாரு. உனக்கு அது ஒரு நல்லது."

எவால்ட் ஈரமான தார்ப்பாயைத் தனியாகவே இழுத்துக் கட்டினான். அன்று மஞ்சள் வைக்கோல் விட்டுப்போன கண்ணாடிக் கட்டியை மூன்று மணி நேரம் இடித்தேன். ஒவ்வொரு இடிக்கும் ஒரு குழு உறுப்பினரின் பெயரைச் சொன்னேன். யல்மார் பெயரை இரண்டு தரம்.

அதற்குப் பிறகு எவால்ட் வரவில்லை. இன்னொரு தடவை திருப்பி அனுப்பினால் எண் போய்விடும் என்ற பயம். நானூறு கட்டும் கொட்டகையிலேயே கிடந்தது.

இதற்கிடையே ஆலையில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. அட்டை தினமும் உலையோரம் காய்ந்தது. ஒவ்வொரு முறை உலைக் கதவைத் திறக்கும்போதும் மெல்லிய சாம்பல் பறந்து அதன்மேல் படியும். சூடும் புகையும் அந்த மஞ்சளைத் தின்றன, நாளுக்குக் கொஞ்சம். தினம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கிறிஸ்துமஸ் முடிந்து மெட்டே திருப்பி அனுப்பிய முதல் லாரி, ஊரிலேயே பளபளப்பான வைக்கோல் வைத்திருந்தவனுடையது. காரணம்: 'அளவுக்கு மீறிய மஞ்சள்.' மறுநாள் இரண்டு லாரி. அடுத்த வாரம் எல்லா லாரியும்.

"இந்த வருஷம் என்னமோ எல்லார் வைக்கோலும் ரொம்ப மஞ்சளா இருக்கு, லவுஸ்ட்," என்றாள் மெட்டே கவலையோடு.

"வேலை செய்யறவங்க தரத்தப் பத்திப் பேசக் கூடாது," என்றேன்.

ஜனவரி நடுவில் கிடங்கில் தரை தெரிந்தது. உலையைக் குறைத்தேன். வீடுகளில் பதினாலு டிகிரி. யல்மார் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதில், குளிர் என்பது ஒவ்வொருவரும் உணரும் விதத்தைப் பொறுத்தது என்றும், ஆலையின் தரம் வரலாற்றில் என்றுமில்லாத உயரத்தில் இருப்பதாகவும், உறுப்பினர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இதைப் பெருமையோடு அனுபவிக்கலாம் என்றும் இருந்தது. அதை எழுதும்போது அவரே கையுறை போட்டிருந்தார் என்று மெட்டே சொன்னாள்.

நான் நேராக எவால்ட் வீட்டுக்குப் போனேன். புருஷனும் பெண்டாட்டியும் கோட்டு போட்டுக்கொண்டு கருப்பு ரொட்டியும் ஊறல் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு ஒரு லோடு கொண்டா," என்றேன்.

"மூணாவது தடவைடா. போச்சுன்னா போச்சு."

"போகாது."

"எப்படிச் சொல்ற?"

"அட்டையப் பார்த்தேன்."

"அட்டையப் பார்த்தியா?"

"பார்த்தேன்டா."

அவன் தோராவைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். எதையும் நம்பாதவள் என் மூஞ்சியில் எதையோ கண்டுகொண்டாள். "லவுஸ்ட், நீ என்ன பண்ணின?"

"விதிப்படி நடந்தேன்."

தோரா மீன் தட்டை மூடினாள். "எழுந்திருங்க. லோடு ஏத்தலாம். இப்படியே உக்கார்ந்திருந்தா விறைச்சுத்தான் சாகணும்."

மறுநாள் நடுப்பகலில், கழுத்துவரை சால்வை சுற்றிய நிறக் குழு முழுவதும் வாசலில் நின்றது. எவால்டின் லாரி வந்தது. தோராவும் கூட வந்திருந்தாள், கட்டுகளைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் தானே உட்கார்ந்திருந்தாள், வெளிச்சம் வரும்வரை எவனும் அவிழ்க்கக் கூடாது என்று. மூட்டம் லேசாக விலகியது. "பன்னிரண்டு!" என்று கத்தினேன். மெட்டே அட்டையைக் கட்டின்மேல் வைத்தாள். எவால்ட் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கை தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தது.

வைக்கோல் எங்கே முடிகிறது, அட்டை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

"அச்சு அசல் பொருந்துது," என்றாள் மெட்டே, அழாத குறையாக.

யல்மார் முன்னால் வந்தார். அவர் அட்டையைப் பார்த்தார். வைக்கோலைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் பெயின்ட் விற்றவருக்குத் தெரியாதா? தெரிந்தது. அந்த மூஞ்சியில் தெரிந்தது. ஆனால் சொல்வதென்றால் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மனிதர் கண்ணுக்கு இதில் வேலை இல்லை என்று எழுதியவர் அவரே. பின்னால் குழு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, சிலர் நம்ம விதிய சந்தேகப்பட்டாங்க. இன்னிக்குப் பாருங்க. ரெண்டு தடவை திருப்பி அனுப்பினோம். அதனாலதான் எவால்டோட வைக்கோல் இப்ப இவ்வளவு மஞ்சளா ஆயிருக்கு. கண்டிப்புன்னா இதுதான் கண்டிப்பு!"

எவால்ட் கண்ணைத் திறந்தான். "மஞ்சளாவா?"

"மஞ்சள்தான்," என்று தோரா அவன் விலாவில் இடித்தாள்.

நானூறு கட்டும் பிப்ரவரிக்குள் எரிந்தது. வீடுகளில் இருபத்தொரு டிகிரி. என் கடப்பாரை மூலையில் கிடந்தது. மே மாதப் பொதுக்கூட்டத்தில் எவால்டுக்கு 'ஆண்டின் சிறந்த மஞ்சள்' கோப்பை கொடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது, நல்லவேளை கறுப்பு வெள்ளையில். கைதட்டல் ஓயும் முன்பே அவனை நிறக் குழுவின் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

விதியைத் தூக்கி எறி என்று அன்றே அவனிடம் சொன்னேன்.

"அதெப்படிடா?" என்றான், கோப்பையைத் துடைத்துக்கொண்டே. "தரம்னு ஒண்ணு வேணும்ல?"

அந்த ஆகஸ்டில் ஒரு சொட்டு மழை இல்லை. தீவு முழுக்க வைக்கோல் தங்கமாய்க் கிடந்தது. எவால்டின் வயலில் இன்னும் கொஞ்சம் அதிகத் தங்கம். அக்டோபர் முதல் வாரம், முதல் லாரி கோப்பை வாங்கினவனுடையதாக இருக்க வேண்டும் என்று யல்மார் சொல்லியிருந்தார். எவால்டே ஓட்டிவந்தான். இறங்கினான். வாசலில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவர் இடப்பக்கம், குழு வலப்பக்கம். எவால்ட் இடப்பக்கம் நின்று மெட்டேக்கு வணக்கம் சொன்னான், கோட்டைத் தாண்டினான், வலப்பக்கம் போய் அவள் கையிலிருந்து அதே பழைய அட்டையை வாங்கினான். கட்டின்மேல் வைத்தான். குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"பொருந்தல," என்றான்.

படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டான். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கொண்டுவந்தவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"லவுஸ்ட், மேல்முறையீடு யாருக்கு எழுதணும்?"

"நிறக் குழுத் தலைவருக்கு."

"அது இப்ப யாரு?"

மெட்டே தரையைப் பார்த்தாள். நான் கிரேனை நிறுத்தினேன்.

"நீதான்டா."

எவால்ட் தொப்பியை மாட்டிக்கொண்டான். பிறகு பெருமூச்சு விட்டு லாரியில் ஏறினான்.

"அப்ப பிரயோஜனமில்ல," என்றான். "அவன் ஒத்துக்க மாட்டான்."